ஒன்றுக்கு மூன்று

“உங்கள் கதைகளில் புகை அதிகம்” என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். குற்றச்சாட்டு புதிது. ஆகையால் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அவர் சொல்லுவது சிகரெட்டுப் புகையை அல்ல, ஏலக்காய் ஸ்டோரின் புகையை. போடிநாயக்கனூரிலிருந்து மலை ஏறுகிற ஜனங்களை வைத்து நான் எழுதுகிற கதைகளில் எங்கேயாவது ஒரு ஸ்டோர் வந்துவிடுகிறதாம். அதன் கூரைக்கு மேலே ராத்திரி பூராவும் புகை எழும்புகிறதாம். நான் அதை ரசித்து எழுதுகிறேனாம். “அந்தப் புகை அத்தனையும் மரம் என்பது உமக்குத் தெரியாதா? ஹீட் பம்ப் என்ற யந்திரம் வந்திருக்கிறது. ஒரு பங்கு மின்சாரம் கொடுத்தால் மூன்று பங்கு சூடு தருகிறது. அதை வாங்கி வைக்காமல் காட்டை எரிக்கிறார்களே, இது அறியாமையா, கஞ்சத்தனமா? இதைப்பற்றி எழுதும்” என்று முடித்திருக்கிறார்.

எழுதுகிறேன். ஆனால் அவர் எதிர்பார்க்கிற மாதிரி அல்ல.

முதலில், ஸ்டோர் என்றால் கடை என்று எண்ணிக்கொள்ளும் வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. போடியிலும், மேலே போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை, வண்டன்மேடு என்று போகிற மலை நெடுகிலும் ஸ்டோர் என்றால் ஏலக்காயை உலர்த்துகிற கட்டிடம். பெரிய தோட்டங்களில் அது தனிக் கட்டிடம். சிறு தோட்டக்காரனுக்கு அது வீட்டோடு ஒட்டின இன்னொரு அறை. பல பேருக்கு அதுவும் கிடையாது. பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் கூலி கொடுத்து உலர்த்திக்கொள்ளுகிறார்கள்.

பறித்த பச்சைக்காயில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ காய் தேறும். அந்த நான்கு கிலோ தண்ணீரையும் ஒரு பகல் ஒரு ராத்திரிக்குள் வெளியேற்ற வேண்டும். அதுவும் கண்டபடி அல்ல. ஆரம்பத்தில் ஐம்பது டிகிரிக்குப் பக்கத்தில் வைத்து, ஆவி போக ஜன்னலைத் திறந்துவிட்டு, பிறகு ஜன்னலை அடைத்து, நாற்பத்தைந்து டிகிரியில் நிறுத்திக்கொண்டு வர வேண்டும். சூடு அறுபதைத் தாண்டினால் பச்சை நிறம் போயிற்று, தைலமும் போயிற்று. சூடு குறைந்து நடுவில் நின்றுவிட்டாலோ காய் வெந்த மாதிரி பழுத்து, புளித்து, வெளுத்துவிடும். அறைக்கு வெளியே அடுப்பு. அதன் வாயிலிருந்து தடித்த இரும்புக் குழாய் அறைக்குள் புகுந்து, தட்டுகளுக்கு அடியில் சுற்றி, மறுபக்கம் புகைபோக்கியாய் மேலே போகும். புகை காயைத் தொடுவதில்லை. குழாயின் சூடுதான் தொடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஒரு கட்டையைத் தள்ளி, ஒரு கட்டையை இழுத்து, குழாயில் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போய்ப் படுக்கிற ஸ்டோர்க்காரனின் கைதான் பல இடங்களில் தெர்மாமீட்டர்.

இத்தனை பாடும் எதற்கு? நிறத்துக்கு. போடியிலும் புத்தடியிலும் நடக்கிற ஏலத்தில் (ஏலத்தை ஏலம் போடுவது தமிழில் மட்டும் கிடைக்கிற வேடிக்கை) மாதிரிக் காய் தட்டில் வருகிறது. வியாபாரி பார்ப்பது பருமனையும் பச்சையையும். வெளுத்த காய்க்கு விலை சரிகிறது. எந்தச் சூட்டில் உலர்ந்தது, விறகா, காஸா, மின்சாரமா என்று கேட்கிறவர் அங்கே ஒருவரும் இல்லை.

இப்போது அன்பரின் யந்திரத்துக்கு வருவோம். அதைப்பற்றி எனக்கு யாதொரு வெறுப்பும் இல்லை. கல்லூரியில் நான் இருந்த இரண்டு வருஷத்தில் பௌதிகத்தில் எனக்குப் பிடித்திருந்த பாடம் அது ஒன்றுதான். உங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் முதுகைத் தொட்டுப் பாருங்கள், சுடும். உள்ளேயிருக்கிற சூட்டை வாரி வெளியே கொட்டுகிறது அது. அதையே திருப்பி வைத்தால், வெளியே இருக்கிற காற்றின் சூட்டை வாரி உள்ளே கொட்டும். சூட்டை அது உண்டாக்குவதில்லை, சுமக்கிறது. சுமைகூலிதான் மின்சாரம். அதனால்தான் ஒன்று கொடுத்து மூன்று வாங்க முடிகிறது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்ற தாம்சன் 1852லேயே இது சாத்தியம் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அடுத்த சில வருஷங்களுக்குள் ஆஸ்திரியாவில் ரிட்டிங்கர் என்ற என்ஜினீயர் உப்பு ஆலை ஒன்றில் இந்தத் தத்துவத்தைக் காரியத்தில் செய்து காட்டினார். உப்பு நீரை வற்ற வைக்கத்தான்! அதாவது, இந்த யந்திரம் பிறந்ததே தண்ணீரை வெளியேற்றுவதற்காக. ஏலக்காய்க்கு அது வந்து சேர்வது பொருத்தமே. மூடின அறைக்குள் ஈரக் காற்றைச் சுற்றவிட்டு, ஈரத்தை வடித்து, ஆவியோடு போயிருக்க வேண்டிய சூட்டையும் திரும்பப் பிடித்து உபயோகிக்கிறது. காய் நல்ல பச்சையாக வருகிறது. ராத்திரி யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை. எல்லாம் வாஸ்தவம்.

ஆனால் “ஒன்றுக்கு மூன்று” என்பது பாதிக் கணக்கு. யந்திரம் எத்தனைக்கு எத்தனை தருகிறது என்பது அதில் இருக்கிறது. அந்த ஒன்றுக்கு என்ன விலை, அது இடம் பெயர்க்கிற பொருளுக்கு என்ன விலை என்பது அதில் இல்லை. விற்கிறவனின் நோட்டீசில் மூன்று என்ற எண் பெரிய எழுத்தில் இருக்கிறது. மாதாந்தர பில் எந்த எழுத்திலும் இல்லை.

இந்தப் பாதிக் கணக்கை நம்பினவர்கள் மலைக்காட்டு மனிதர்கள் மட்டும் அல்ல. என் தங்கை மகன் ஒருவன் இங்கிலாந்தில் இருக்கிறான். அந்த ஊர் அரசாங்கம், எரிவாயு பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் வைக்கிற வீட்டுக்காரர்களுக்கு 2023 அக்டோபரிலிருந்து 7,500 பவுன் மானியமாகக் கொடுத்தது. அதற்கு முன் 5,000 பவுன். மானியம் வந்தது, யந்திரம் வந்தது, குளிர்காலம் வந்தது, பில்லும் வந்தது. எரிவாயு காலத்து பில்லைவிட அது அதிகம். “மாமா, மிஷின் சொன்னபடி மூன்றுக்குக் குறையாமல்தான் தருகிறது. நான் மீட்டர் வைத்தே பார்த்துவிட்டேன். இருந்தும் நஷ்டம்” என்று சொன்னான். நஷ்டம் எங்கே என்று பார்த்தால், 2024லும் 2025லும் அங்கே ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை, அதே அளவு சூடு தரும் எரிவாயுவின் விலையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒன்றுக்கு மூன்று தருகிற யந்திரம், ஒன்றுக்கு நான்கு கேட்கிற விலைப்பட்டியலிடம் தோற்றுப்போகாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு அவனுடையது பழைய செங்கல் வீடு. சுவரிலும் ஜன்னலிலும் சூடு ஒழுகுகிறது. சின்னச் சின்ன ரேடியேட்டர்கள். அவற்றில் முப்பத்தைந்து டிகிரித் தண்ணீர் விட்டால் அறை சூடேறுவதில்லை, ஐம்பத்தைந்து டிகிரி வேண்டியிருக்கிறது. எவ்வளவு உயரத்துக்குச் சுமக்கிறோமோ அவ்வளவு கூலி. இது மனிதனுக்கும் யந்திரத்துக்கும் பொது.

நார்வேயில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இதே யந்திரம் இருக்கிறது. அங்கே யாரும் இப்படிப் புலம்பக் காணோம். காரணம், அங்கே நீர்வீழ்ச்சி மின்சாரம். முன்பும் வீட்டை நேரடி மின்சாரத்தால்தான் சூடாக்கினார்கள். மூன்று யூனிட் செலவானது ஒரு யூனிட் ஆயிற்று, கணக்கு நேராக வந்துவிட்டது. அதே யந்திரம்தான். ஒரு தேசத்தில் வரம், இன்னொரு தேசத்தில் தண்டனை. நடுவில் மாறினது விலைப்பட்டியல் மட்டும்.

போடிக்குத் திரும்புவோம். நாமும் ஒரு சிட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கதை எழுதுகிறவனின் கணக்கு என்று அலட்சியம் வேண்டாம். பேனாவை எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தைந்து டிகிரியில் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 575 கலோரி (கிலோ கலோரி) வேண்டும். நான்கு கிலோவுக்கு 2,300. ஒரு யூனிட் மின்சாரம் 860 கலோரி. ஆக, ஒரு கிலோ உலர்ந்த ஏலக்காய்க்கு அடிப்படைச் சூடு இரண்டே முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 கலோரி, அதாவது நான்கு யூனிட். பழைய ஸ்டோரில் மூன்றில் இரண்டு பங்கு சூடு புகைபோக்கி வழியாகவும் சுவர் வழியாகவும் ஊரைச் சூடாக்கிக்கொண்டு போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் இரண்டு கிலோ விறகில் வேலை முடிந்துவிடும். விறகு கிலோ ஐந்து ரூபாய் என்றால் பத்து ரூபாய். இனி யந்திரம். ஒரு யூனிட்டுக்கு ஒன்றரைக் கிலோ தண்ணீரை வெளியேற்றினால் அது நல்ல யந்திரம், விசிறிச் செலவு எல்லாம் சேர்த்து. நான்கு கிலோவுக்கு ஏறக்குறைய 2.7 யூனிட். யூனிட் ஏழு ரூபாய் என்றால் பத்தொன்பது ரூபாய்.

பத்து ரூபாய், பத்தொன்பது ரூபாய். யந்திரம் நூற்றுக்கு நூறு ஒழுங்காய் வேலை செய்தும் இரட்டிப்புச் செலவு. விறகு தன் தோட்டத்து மரத்தின் கிளைதான் என்றால் அந்தப் பத்து ரூபாயும் கையிலிருந்து போகிற பணம் அல்ல, வெட்டுக்கூலி மட்டுமே.

இது சமவெளிக் கணக்கு. மலைக்கணக்கு வேறே. காய் அதிகமாகப் பறிக்கிற மாசங்கள் எல்லாம் மழை மாசங்கள். ஆடியில் தென்மேற்குக் காற்று மரத்தை முறித்துக் கம்பியின்மேல் போடுகிறது. ஐப்பசியில் வடகிழக்கு வந்து அதே திருப்பணியைத் தொடர்கிறது. மின்சாரம் போனால் எந்த வளைவில் கம்பி அறுந்தது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகும். நனைந்த மலைச்சரிவில் ராத்திரி அதைத் தேடிக்கொண்டு போகிற லைன்மேனைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த அரை நாளில் அறைக்குள் இருக்கிற காய் புளித்துவிடும். ஆகையால் யந்திரம் வாங்குகிறவன் கூடவே ஒரு டீசல் ஜெனரேட்டரும் வாங்கியாக வேண்டும். லிட்டர் டீசல் தொண்ணூறு ரூபாய்க்கு மேல். ஒரு லிட்டரில் மூன்று, மூன்றரை யூனிட் கிடைத்தால் அதிகம். யூனிட் இருபத்தைந்து முப்பது ரூபாய்! அந்த ராத்திரிகளில் ஒரு கிலோ காய் உலர்த்த எழுபது ரூபாய்க்கு மேல் ஆகிறது. “ஒன்றுக்கு மூன்று” என்ற சுலோகத்தை டீசல் குடித்துவிடுகிறது.

பறிப்பு எப்போதும் ஒரே சீராய் இருப்பதும் இல்லை. பருவத்தின் ஆரம்பத்திலும் கடைசியிலும் கால்வாசித் தட்டுதான் நிரம்பும். அறை கால்வாசி நிரம்பினால் மின்சாரமும் கால்வாசிதான் ஆகுமா? விசிறி அதே விசிறி, சுவர் அதே சுவர். பிறகு, தொழில் இணைப்புக்கு கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று நிலைக்கட்டணம் ஒன்று இருக்கிறது. யந்திரம் ஓடினாலும் கட்ட வேண்டும், பங்குனியில் துணி போர்த்தி மூடிக் கிடந்தாலும் கட்ட வேண்டும். விறகு அடுப்பு சும்மா கிடக்கிற மாசத்துக்கு வாடகை கேட்பதில்லை.

போடிமெட்டுக்கு அப்பால் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற பெரியவர் ஒருவரிடம் இதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அறியாமை என்கிறாரே அன்பர், அவர் வாயால் கேட்கட்டும்: “மிசினு நல்ல மிசினுதான் தம்பி. காயி கிளிப்பச்சையா வருது, பாத்தேன். வாங்குறதுக்குத்தான் மானியம் உண்டுங்கிறாங்களே. வாங்குன பெறகு மாசாமாசம் அதுக்குச் சோறு யாரு போடுறது?”

இந்த ஒரு கேள்விக்கு ஸ்பைஸஸ் போர்டிலும் பதில் இல்லை, மின்வாரியத்திலும் பதில் இல்லை. நம் தேசத்தில் மானியம் என்பது கல்யாணத்துக்குக் கொடுக்கிற மொய்யைப் போல. பந்தலில் வைத்து, பெயர் சொல்லி, படம் எடுத்துக்கொண்டு கொடுப்பார்கள். குடித்தனம் நடத்துவது உங்கள் பாடு. நவீன உலர்த்தும் கருவி வாங்க உதவித் திட்டம் உண்டு. அதை ஓட்டுவதற்கு உதவி கிடையாது. ஒரு திட்டத்தில் எத்தனை யந்திரம் விற்றது என்று அறிக்கை எழுதுவார்கள். அடுத்த பருவத்தில் அவற்றில் எத்தனை ஓடிக்கொண்டிருக்கிறது என்று எழுதுகிற அறிக்கை என் கண்ணில் பட்டதில்லை.

ஊருக்குள்ளேயும் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. வெந்நீருக்கு ஹீட் பம்ப் வைத்திருக்கிறேன் என்று பெருமையாய்ச் சொல்லும் கனவான்கள் போடியில் சில பேர் இருக்கிறார்கள். ஒரு ஆள் குளிக்க இருபது லிட்டர், இருபது டிகிரி ஏற்றினால் 400 கலோரி, அரை யூனிட்டுக்கும் குறைவு. நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டு மாசத்துக்கு 112 யூனிட். யந்திரம் அதை முப்பத்தேழு நாற்பதாகக் குறைத்துத் தரும். மிச்சம் எழுபது எழுபத்தைந்து யூனிட். 2024 ஜூலைப் பட்டியலின் 4 ரூபாய் 80 காசு அடுக்கில் 360 ரூபாய்க்குள். கெய்சரைப்போல் பல மடங்கு விலை கொடுத்தது இந்த 360 ரூபாய்க்குத்தான்! ஆனால் இரண்டு மாசத்தில் 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடாக இருந்தால் விஷயம் மாறுகிறது. தாண்டிய யூனிட்டின் விலை எட்டு ரூபாய்க்கு மேலே போவதோடு, கீழே இருந்த சலுகையிலும் ஒரு பகுதி பறிபோகிறது. அப்படிப்பட்ட வீட்டில் அந்த எழுபத்தைந்து யூனிட்டுக்கு மதிப்பு அதிகம். இங்கேயும் பாருங்கள், யந்திரத்தின் யோக்கியதையை நிர்ணயிப்பது பட்டியல்தான்.

நிற்க. “கிலோ இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கிற பண்டத்துக்கு ஒன்பது ரூபாய் கூடுதல் செலவு ஒரு செலவா?” என்று அன்பர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போயிற்று. பத்திரிகைகளில் எல்லாம் வந்தது, அதைப் படித்துவிட்டுப் பட்டணத்துக்காரர்கள் ஏலத்தோட்டக்காரன் என்றால் குபேரன் என்று எண்ணிக்கொண்டார்கள். மூன்றே வருஷத்தில், 2022ல், ஆயிரத்துக்குக் கீழே வந்து விழுந்தது. அது அவ்வளவு பெரிதாகப் பேசப்படவில்லை. உரத்துக்கும் மருந்துக்கும், ஜீப்பில் மலையேறி வருகிற பெண்களின் கூலிக்கும் அந்த விலை காணவில்லை. விலை ஏலக்கூடத்தின் கையில் இருக்கிறது. செலவு மட்டும்தான் தோட்டக்காரன் கையில் இருக்கிறது. தன் கையில் இருக்கிற ஒரே கயிற்றை அவன் இறுக்கிப் பிடிப்பதைக் கஞ்சத்தனம் என்று சொல்வதானால், மாசச் சம்பளக்காரர்கள் தேதி இருபத்தைந்துக்கு மேல் செய்கிற காரியங்களுக்கு என்ன பெயர் வைப்பது?

அந்த ஒன்பது ரூபாயை வேறொரு விதமாகவும் பார்க்க வேண்டும். ஒன்பது ரூபாய் கூடக் கொடுத்தால் இரண்டு கிலோ மரம் எரியாமல் மிஞ்சுகிறது. ஆயிரம் கிலோ காய் உலர்த்துகிற ஸ்டோரில் ஒரு பருவத்துக்கு ஒன்பதாயிரம் ரூபாய், மிஞ்சுகிற மரம் இரண்டு டன். மலிவுதான், சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மரத்தால் லாபம் யாருக்கு? மேலே நிற்கிற மரம் பிடித்து வைத்துக் கொடுக்கிற தண்ணீர்தானே ஓடையாய் இறங்கிக் கீழே வருகிறது? தேனி ஜில்லாவின் வயல்காரனுக்கு லாபம், குடிதண்ணீர்க் குழாய்க்கு லாபம், அன்பர் குடியிருக்கிற பட்டணத்துக்குக் காற்றாகவும் மழையாகவும் லாபம். லாபம் அத்தனை பேருக்கு, ஒன்பதாயிரம் ரூபாய் மட்டும் இரண்டு ஏக்கர்க்காரனுக்கு. இது என்ன பங்கீடு? சொந்த ஸ்டோர் இல்லாதவன் கதி இன்னும் மோசம். ஸ்டோர்க்காரர் யந்திரம் வைத்த மறுபருவமே பச்சைக்காய்க்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலியை ஏற்றிவிடுவார். ஐந்து கிலோ பச்சைக்குத்தான் ஒரு கிலோ காய் என்பதால் ஒரு ரூபாய் ஏற்றினால் இவனுக்கு ஐந்து ரூபாய் விழும்.

விறகுக் கட்சிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு நான் தங்கள் பக்கம் என்று கை தட்ட வேண்டாம். “எங்கள் மரம், எங்கள் விறகு, செலவே இல்லை” என்று பேசுகிற பெரிய தோட்டத்து முதலாளிகளை எனக்குத் தெரியும். ஏலம் நிழலில் வாழுகிற செடி. மேலே மரக்கூரை இருந்தால்தான் கீழே ஈரம் நிற்கும், வேர் பிழைக்கும். நிழலைக் கழிப்பது என்ற பெயரில் கிளையில் ஆரம்பித்துத் தூரில் முடிக்கிறவர்கள், தங்கள் முதலையே எடுத்து அடுப்பில் வைக்கிறார்கள். 2024ஆம் வருஷத்துக் கோடையில் இடுக்கி ஜில்லாவில் ஏலச்செடிகள் ஏக்கர் ஏக்கராகக் கருகின. வெயில் எல்லாத் தோட்டத்தின் மேலும்தான் அடித்தது. எந்தத் தோட்டம் அதிகமாய்க் கருகியது என்பதைப் போய்ப் பார்த்தவர்கள் சொல்லுவார்கள். விறகுக்கு பில் வருவதில்லை என்பது நிஜம். பில் வராததெல்லாம் இலவசம் என்று கணக்கெழுதுகிற கணக்குப்பிள்ளையை அவர்களே தங்கள் கடையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆயிரம் ஏக்கர்க்காரருக்கு யந்திரமும் கட்டுப்படியாகும், ஜெனரேட்டரும் கட்டுப்படியாகும். அவரிடம் போய் அன்பர் தம் பிரசங்கத்தைச் செய்யட்டும், நானும் கூட வருகிறேன்.

நான் சண்டை போடுவது சிறியவனுக்காக. அவனுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், புதிதாய் ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பம்ப் செட்டுக்கு மின்சாரம் இலவசம். வாரியத்துக்கு அந்தத் தொகையை அரசாங்கம் கொடுக்கிறது. நல்ல காரியம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் இருக்கிற வேடிக்கையைக் கவனியுங்கள்: கிணற்றிலிருந்து தண்ணீரை இறைத்துச் செடிக்குள்ளும் காய்க்குள்ளும் ஏற்றுவது விவசாயம். அதற்கு மின்சாரம் இலவசம். அதே தண்ணீரை அதே காயிலிருந்து அதே விவசாயி வெளியேற்றினால் அந்தச் சலுகை நின்றுவிடுகிறது. குரங்கணி, கொட்டகுடிப் பக்கம் நம் எல்லைக்குள்ளேயே ஏலமும் காப்பியும் மிளகும் போட்டிருக்கிறார்கள். இவை எல்லாமே உலர்த்தினால்தான் பண்டம், உலர்த்தாவிட்டால் குப்பை. காயைப் பறித்த மாத்திரத்தில் விவசாயம் முடிந்துவிட்டது என்று எந்த விவசாயி ஒப்புக்கொள்ளுவான்? நெல்லை அடித்துத் தூற்றிக் காயவைக்கிற வரைக்கும் களத்து வேலை என்றுதான் நம் பாட்டன்மார் சொன்னார்கள்.

இலவசமாய்க் கொடுங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. இலவசம் என்றால் ஜன்னலைத் திறந்துபோட்டுக்கொண்டு யந்திரத்தை ஓட்டுகிற புத்திசாலிகள் நம்மிடையே உண்டு. ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவனுக்கு, உலர்த்துகிற யந்திரத்துக்குத் தனி மீட்டர் வைத்து, விறகுச் செலவுக்குச் சமமாக வரும்படி யூனிட் விலையை நிறுத்துங்கள். மேலே போட்ட கணக்குப்படி அது மூன்றே முக்கால் ரூபாய். பறிப்பு இல்லாத மாசங்களுக்கு நிலைக்கட்டணத்தை விடுங்கள். மலை எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு அரசாங்கம். ஆனால் காய் ஒரே காய், காற்று ஒரே காற்று. இரண்டும் செய்ய வேண்டும். யந்திரம் வாங்க ஒரேயடியாகக் கொடுக்கிற மானியத்தில் ஒரு பகுதியை எடுத்து வருஷா வருஷம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் இன்னும் உத்தமம். யந்திரத்தை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு மூலையில் போடுகிறவனுக்கு அதில் காசு கிடைக்காது, ஓட்டுகிறவனுக்குத்தான் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் மின்கட்டணம் 2022 செப்டம்பரில் ஏறிற்று. பிறகு 2023, 2024, 2025 மூன்று வருஷமும் ஜூலையில் மாறிற்று. 2025ல் வீடுகளுக்கு மட்டும் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். ஜூலை என்றால் ஆடி பிறக்கிற மாசம். மலையில் பறிப்பு சூடு பிடிப்பதும், ஸ்டோர்க்காரர் இந்தப் பருவத்துக்குப் பச்சைக்காய்க்கு என்ன கூலி என்று சொல்லுவதும் அதையொட்டித்தான். அடுத்த ஜூலைக்குப் பட்டியலைத் திருத்த உட்காருகிறவர்கள், பம்ப் செட் என்று எழுதியிருக்கிற வரிக்குக் கீழே உலர்த்தும் அறை என்று இன்னொரு வரி சேர்க்கட்டும்.